அணைத்தல்

1929 ஜூலையில் ஒரு கிழவி யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குத் திரும்பி வந்தாள். டோட்டூயா என்பது அவள் பெயர். மரியா லெப்ராடோ என்பது பின்னால் ஒட்டிக்கொண்டது. அவானீச்சி மக்களின் தலைவன் டெனாயாவின் பேத்தி. 1851இல் கலிஃபோர்னியா அரசு அனுமதித்த ஒரு தொண்டர் படை அவள் ஜனங்களை அங்கிருந்து விரட்டியபோது சிறுமியாக இருந்தவள். எழுபத்தெட்டு வருஷம் கழித்து, தேசியப் பூங்காவாகி, ஹோட்டலும் மோட்டார் காரும் வந்துவிட்ட அந்த இடத்தைப் பார்க்க அழைத்து வரப்பட்டாள். பாறைகளையும் அருவிகளையும் அடையாளம் கண்டுகொண்டாள். பள்ளத்தாக்கின் தரையைப் பார்த்தபோது மட்டும் தலையை ஆட்டினாள். ஒரே அழுக்கு, எங்கே பார்த்தாலும் புதர் என்கிற அர்த்தத்தில் அவள் சொன்னது பதிவாகியிருக்கிறது.

இதை முதலில் படித்தபோது ஊரை விட்டுப்போய்த் திரும்புகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று தாண்டிப்போய்விட்டேன். பழசு நன்றாக இருந்தது, இப்போது கெட்டுவிட்டது. பிறகுதான் அவள் குறை சொன்ன விதம் உறுத்த ஆரம்பித்தது. ஹோட்டலைப் பற்றியோ காரைப் பற்றியோ அவள் முறையிடவில்லை. மரங்கள் வெட்டப்பட்டதாகச் சொல்லவில்லை. மரங்கள் அதிகமாகிவிட்டன என்பதுதான் புகார். பல நாள் பெருக்காமல் கிடக்கும் தன் வீட்டைப் பார்த்த ஒருத்தியின் எரிச்சல் அது.

அவளுக்கு அறுபது வருஷம் முன்னால், 1869 கோடையில், இதே மலைகளில் ஆட்டுமந்தையோடு திரிந்த ஜான் முயரும் அழுக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் கண்ட அழுக்கு அங்கே எதிர்ப்பட்ட இந்தியர்கள் மேல் இருந்தது. இவ்வளவு சுத்தமான மலையில் இவர்களுக்குப் பொருத்தமான இடம் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. முயரைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. சர்க்கரைப் பைனை அவரைப்போல் பார்த்தவர்கள் குறைவு. பிற்காலத்தில் அவர் பார்வை மாறியதும் உண்டு. ஆனால் ஒரே நிலத்தைப் பற்றிய இந்த இரண்டு அழுக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், 'தொடாமல் விடுவது' என்கிற செயலின் தார்மிகத்தைப் பேச முடியாது என்று நினைக்கிறேன். அதைச் செயல் என்று சொல்வதற்கே கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது.

வாதத்துக்கு முன் காடு. சியெரா நெவாடாவின் மேற்குச் சரிவில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,000 மீட்டரைத் தாண்டும்வரை இருப்பதை ஊசியிலைக் கலப்புக் காடு என்கிறார்கள். பாண்டரோசா பைன், சர்க்கரைப் பைன், வெள்ளை ஃபிர், இன்சென்ஸ் சீடர், இவற்றுக்கு நடுவே ஊசியிலை இல்லாத கருப்பு ஓக். வடக்கே போனால் டக்ளஸ் ஃபிர். பெரும்பாலும் தெற்கே, எழுபது எண்பது தோப்புகளில் மட்டும், பெருஞ்செகோயா. ஒரு மரம் ஆதிக்கம் செலுத்தி மற்றவை ஒதுங்கி நிற்கிற காடு அல்ல. அதனால்தான் கலப்பு என்ற பெயர். எந்த விகிதத்தில் கலப்பு என்பதில்தான் கதையே இருக்கிறது.

அங்கே ஈரம் குளிர்காலத்தில் வருகிறது, பெரும்பகுதி பனியாக. கோடை முழுவதும் வறட்சி. விழுகிற ஊசியிலைகள் மட்குவதற்கு வெப்பமும் ஈரமும் சேர்ந்து கிடைக்க வேண்டும்; இரண்டும் வேறு வேறு மாதங்களில் வருவதால் மட்குவதைவிட விழுவது அதிகம். சேர்ந்தது எப்படியாவது தீர வேண்டும். தீர்த்துக்கொண்டிருந்தது தீ. பழைய மரங்களின் அடியில் தீ சுட்ட வடுக்கள், வருஷ வளையங்களுக்கு நடுவே, ஒன்றன்மேல் ஒன்றாக மூடிக் கிடக்கின்றன. அவற்றை எண்ணிப் பார்த்தவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெரும்பாலான இடங்களில் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை, சில இடங்களில் இன்னும் அடிக்கடி, தீ வந்துபோனதாகக் கண்டிருக்கிறார்கள். முழங்கால் உயரத் தீ. தரையைத் துடைத்துவிட்டுப் போகிற தீ.

பாண்டரோசா பைனின் ஊசிகள் நீளமானவை. தளர்வாக விழுந்து காற்றோட்டத்தில் சீக்கிரம் காய்கின்றன, எளிதில் பற்றுகின்றன. மரமோ தடித்த பட்டை உடுத்தியிருக்கிறது. கீழ்க்கிளைகளைத் தானே உதிர்த்துவிடுகிறது. தன் காலடியில் தீயை வளர்த்து, தான் மட்டும் தப்பிக்கிற ஏற்பாடு. அதன் விதைக்கு வெயிலும் சருகில்லாத வெறும் மண்ணும் வேண்டும். வெள்ளை ஃபிர் வேறு சுபாவம். நிழலில் முளைக்கும். பெரிய மரங்களின் கீழே, இடுப்பளவுகூட வளராமல், பல பத்தாண்டுகள் பொறுத்திருக்கும். இளமையில் அதன் பட்டை மெல்லியது, கிளைகள் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். சின்னத் தீயில் செத்துப்போகும். ஆக, தீ வரும்வரை பைனும் ஃபிரும் ஒரே சரிவில் வாழ்கின்றன, ஃபிர் கொஞ்சமாகவும் பைன் நிறையவும். தீ நின்றுவிட்டால் ஃபிரின் பொறுமை பலிக்கிறது. பைனின் காலடியில் ஃபிரும் சீடரும் அடர்ந்து, பைன் விதை முளைக்க இடமில்லாமல் போகிறது. அதைவிட மோசம், தரைக்கும் பைனின் உச்சிக்கும் இடையே அவை ஏணியாகின்றன. பிறகு என்றாவது தீ வந்தால் அது முழங்கால் உயரத்தில் நிற்பதில்லை.

செகோயாவின் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். அதன் காய்கள் மூடியபடியே இருபது வருஷம்கூடப் பச்சையாக மரத்தில் இருக்கும். ஒரு வண்டு, ஓர் அணில், அல்லது கீழேயிருந்து எழும் தீயின் சூடு காயை உலர்த்தித் திறக்க வைக்கிறது. ஓட்ஸ் அவல் அளவு விதைகள் சாம்பல் படிந்த மண்ணில் விழுகின்றன. உலகின் மிகப் பருத்த மரம் இப்படித்தான் தொடங்குகிறது. 1960களில் ரிச்சர்ட் ஹார்ட்ஸ்வெல்ட் என்ற ஆய்வாளர் சோதனைக்காகத் தீ வைத்துப் பார்த்தபோது, பல வருஷமாக நாற்றே காணாத தோப்பில் நாற்றுகள் வந்தன. அதற்கு முன்பே முயர் இதைக் கண்டிருக்கிறார். செகோயாவை அழிப்பதும் தீதான், அதன் விதைக்கு வெறும் மண்ணைத் தருவதும் தீதான் என்று இரண்டையும் பதிந்திருக்கிறார். பார்த்த பிறகும் அதிலிருந்து எதுவும் பின்தொடரவில்லை. பார்வை மட்டும் போதாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

கருப்பு ஓக்கைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். டோட்டூயாவின் ஜனங்கள் அதன் கொட்டையைத் தின்று வாழ்ந்தார்கள். ஓக்கின் அடியில் தீ வைத்தால் கொட்டையைத் துளைக்கும் பூச்சி குறையும். கொட்டை பொறுக்கத் தரை துலக்கமாகும். மானுக்குத் தளிர் வரும். புதர்கள் வேரிலிருந்து நேராகத் துளிர்க்கும் குச்சிகள் கூடை முடையக் கிடைக்கும். கூடை முடைகிற பெண்ணுக்குத் தீ ஒரு கருவி, ஊசியைப்போல. மின்னலும் தீ வைத்துக்கொண்டுதான் இருந்தது. எவ்வளவு மின்னல், எவ்வளவு மனிதக் கை என்பது உயரத்துக்கு உயரம் மாறும்; அறிஞர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பள்ளத்தாக்கின் திறந்த புல்வெளிகளும் ஓக் தோப்புகளும், நடுவில் இடைவெளி விட்டு நிற்கும் பைன்களும், வந்து பார்த்த வெள்ளையர்கள் எல்லோரும் பூங்காவைப்போல இருக்கிறது என்று வியந்த அந்த நிலக்காட்சி, பராமரிக்கப்பட்ட ஒன்று என்பதில் இன்று பெரிய சந்தேகம் இல்லை. பூங்காவைப்போல இருந்ததற்குக் காரணம் அது ஏறக்குறைய பூங்காவாகவே இருந்ததுதான். தோட்டக்காரர்களை வெளியேற்றிவிட்டுத் தோட்டத்துக்கு இயற்கை என்று பெயர் வைத்தார்கள்.

*

1850இல் கலிஃபோர்னியா இயற்றிய ஆரம்பகாலச் சட்டங்களில் ஒன்று இந்தியர்களை நிர்வகிப்பதற்கும் பாதுகாப்பதற்குமானது. 'பாதுகாப்பு' என்ற சொல் சட்டத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. இந்தியச் சிறுவர்களை வெள்ளையரிடம் வேலைக்குக் கட்டிப்போட வழிசெய்த சட்டம் அது. அதன் ஒரு பிரிவு புல்வெளிக்குத் தீ வைப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. அடுத்த வருஷமே அவானீச்சிகளைத் துரத்திப் போன படை அவர்களது குடியிருப்புகளையும் சேமித்துவைத்த ஓக் கொட்டைகளையும் எரித்தது. இதற்குமேல் வியாக்கியானம் எதற்கு.

பிறகு 1905இல் ஐக்கிய அமெரிக்காவின் வனத்துறை. அதன் முதல் தலைவர் கிஃபர்ட் பின்ஷோ, பிரிட்டிஷ் இந்தியாவின் வனத்துறையை அமைத்த டீட்ரிக் பிராண்டிஸின் வழிகாட்டலில் பயின்றவர். காட்டில் தீ என்றால் எதிரி என்ற பாடத்தின் ஒரு கிளை நம் பக்கத்திலிருந்தே அங்கே போயிற்று. 1910 ஆகஸ்டில் ஐடஹோவிலும் மொன்டானாவிலும் முப்பது லட்சம் ஏக்கர் எரிந்தது, எண்பதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள், பெரும்பாலோர் தீயை அணைக்கப் போனவர்கள். அதற்குப் பிறகு விவாதத்துக்கே இடமில்லாமல் போயிற்று. 1935இல் ஒரு விதி வந்தது: எங்கே தீ தெரிந்தாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கப்பட வேண்டும்.

இங்கேதான் என் பிரச்னை தொடங்குகிறது. அந்தக் காலைப் பத்து மணிகளில் மண்வெட்டியோடு மலையேறியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களில் யாரையும் குற்றவாளி என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட சரிவில், பற்றிய தீயை அணைத்தது சரியான காரியம். கீழே ஒரு வீடு இருந்திருக்கும். அணைக்காமல் விட்டிருந்தால் அந்தத் தீ என்னவாகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த தீயை அணைத்ததும் சரி. அதற்கடுத்ததும் சரி. இப்படி எண்பது தொண்ணூறு வருஷத்துச் சரியான காரியங்களின் கூட்டுத்தொகை ஒரு பெரும் தவறு. தவறு எந்தத் தனிச் செயலிலும் இல்லை. அப்படியானால் அது எங்கே இருக்கிறது?

நம் வினைக்கொள்கை இந்த இடத்தில் கைகொடுப்பதில்லை. வினை செய்தவனைத் தேடிக்கொண்டு பலன் வரும் என்பது அதன் சாரம். இங்கே பலன் நூறு வருஷம் கழித்து யாரையோ தேடிக்கொண்டு வருகிறது. செயலை அலகாகக் கொள்கிற எந்த ஒழுக்கவியலுக்கும் இதே கதிதான். நமது மொழியில் தீயை அணைப்பதற்கும் குழந்தையை அணைப்பதற்கும் ஒரே சொல்லாக அமைந்திருக்கிறது. வேர் வேறு என்று யாராவது நிறுவக்கூடும். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த மலைகளில் நடந்ததை வேறு எந்தச் சொல்லாலும் இவ்வளவு கச்சிதமாகச் சொல்லிவிட முடியாது.

அறியாமை என்று சொல்லிவிடலாமா? பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். அன்றைய விஞ்ஞானத்துக்குத் தெரியாது, இன்று தெரிகிறது, திருத்திக்கொள்கிறோம். கேட்க சுகமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுவல்ல. தெரிந்தவர்கள் இருந்தார்கள், சொல்லவும் செய்தார்கள். 1910களிலும் 20களிலும் கலிஃபோர்னியாவில் மெல்லிய தீ வைத்துக் காட்டைத் துடைக்க வேண்டும் என்று நிலக்காரர்கள் சிலர் வாதாடினார்கள். இந்தியர்கள் செய்தது அதுதான் என்று எடுத்துக்காட்டினார்கள். எதிர்த்தரப்பு அந்த வாதத்துக்குச் சூட்டிய பெயர் 'பையூட் வனவியல்'. பையூட் என்பது ஒரு பழங்குடியின் பெயர். அந்தப் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் வாதம் தோற்றுவிட்டதாக அர்த்தம். பிறகு 1950களில் பெர்க்லியில் ஹாரல்ட் பிஸ்வெல் என்ற பேராசிரியர் இதையே சொன்னபோது அவரையும் தீவட்டி என்று கேலி செய்தார்கள்.

தவறு அணைத்த கையில் இல்லை, யார் சொன்னால் அது அறிவு என்று முடிவு செய்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கூடை முடைகிறவள் அறிந்தது பழக்கம், வனத்துறை அறிந்தது விஞ்ஞானம். இந்தப் பிரிவினை மண்வெட்டி தூக்குவதற்கு முன்பே நடந்துவிட்டது. 'தொடப்படாத காடு' என்ற படிமம் பிறப்பதற்கு, தொட்டவர்கள் இல்லாமல் ஆக வேண்டியிருந்தது. ஆகவே தொடாமை வெறும் விலகியிருத்தல் அல்ல. அதன் அடியில் ஒரு வெளியேற்றம் இருக்கிறது. அந்தத் தொடாமையும்கூட வசதிப்படிதான். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பூஞ்சை சர்க்கரைப் பைன் வகைகளைத் தாக்கியபோது, அதற்கு இடைவீடாக இருக்கும் கூஸ்பெரி இனச் செடிகளைப் பிடுங்கியெறிய 1930களில் வேலையற்ற இளைஞர்களைக் கூட்டங்கூட்டமாக மலைக்கு அனுப்பினார்கள். அரசின் கை தொட்டால் அது பராமரிப்பு.

*

இனி, யாருக்குத் தவறு இழைக்கப்பட்டது? துரத்தப்பட்ட மனிதர்களுக்கு என்பது தெளிவு, அதில் தத்துவச் சிக்கல் எதுவும் இல்லை. காட்டுக்கும் என்று சொல்லலாமா? காடு என்று ஒன்று, துரோகத்துக்கு ஆளாகக்கூடிய அளவுக்கு, இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்கத் தாவரவியலில் இரண்டு பேர் எதிரெதிராகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். 1916இல் ஃப்ரெடரிக் கிளெமென்ட்ஸ், தாவரச் சமூகம் ஓர் உயிரி என்றார். அது பிறக்கிறது, வளர்கிறது, முதிர்ச்சி அடைகிறது. இடையில் வரும் குழப்பங்கள் நீங்கினால் தன் உச்ச நிலையைத் தானே சென்று சேரும். 1926இல் ஹென்றி கிளீசன் அதை மறுத்தார். ஒவ்வொரு தாவரமும் தன்தன் தேவைப்படி, தற்செயலாக வந்து சேர்ந்த விதைப்படி, நிற்கிறது. பக்கத்தில் நிற்பவை பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். சமூகம் என்பது நாம் வைத்த பெயர். கிளீசனைப் பல வருஷம் யாரும் சட்டை செய்யவில்லை. 1950களில் ராபர்ட் விட்டேக்கர் மலைச்சரிவுகளில் ஏறியிறங்கி மரங்களை எண்ணியபோது, சமூகங்களுக்கு இடையே எல்லைக்கோடுகள் கிடைக்கவில்லை. ஒவ்வொரு மரமும் தனக்கான உயரத்தில் கூடி, தனக்கான உயரத்தில் குறைந்தது. கிளீசன் பிழைத்துவிட்டார்.

இலக்கியம் படிப்பவர்களுக்கு இந்தச் சண்டை அந்நியமாக இருக்காது. கவிதை ஓர் உயிருள்ள முழுமை, அதில் எதையும் எடுக்கவோ சேர்க்கவோ முடியாது என்று நாம் எத்தனை தடவை எழுதியிருக்கிறோம். அது கிளெமென்ட்ஸின் வாக்கியம்தான். முழுமை என்ற சொல் விமர்சகனுக்கு ஒரு சௌகரியம் தருகிறது. முழுமையைக் கலைப்பது எதுவோ அது வெளியிலிருந்து வந்த கேடு என்று தீர்ப்பெழுதிவிடலாம். கிளெமென்ட்ஸின் திட்டத்தில் தீயும் அப்படித்தான் ஆயிற்று. உச்ச நிலையை நோக்கி வளர்கிற உயிரிக்குத் தீ ஓர் இடையூறு. காட்டை முழுமையாகக் கண்ட கோட்பாடே அதன் பாதியைக் காணத் தவறியது.

நமக்குத் திணை இருக்கிறதே, அதில் பூவோடும் மரத்தோடும் மனிதனும் தொழிலும் தெய்வமும் சேர்ந்துதானே நிலம் என்று யாராவது எழுந்திருப்பார்கள். உண்மைதான். சுட்டெரித்த புனத்தில் தினை விதைக்கிறவன் குறிஞ்சிக்கு வெளியே இல்லை. ஆனால் அந்த மரபைக் கையில் வைத்துக்கொண்டே நீலகிரியின் புல்வெளிகளில் சீகை மரமும் யூகலிப்டஸும் நட்டவர்கள் நாம். மரமில்லாத மலை வெறும் மலை என்ற எண்ணத்தில் நட்டோம். பெருமையடித்துக்கொள்ள இது இடமில்லை.

கிளீசனுக்குத் திரும்புகிறேன். மலை ஏரிகளின் சேற்றில் படிந்த மகரந்தத்தைப் படித்தவர்கள் அவர் பக்கத்தை இன்னும் பலப்படுத்தினார்கள். செகோயாத் தோப்புகள் இன்றைய வடிவத்தில் இருப்பது சுமார் 4,500 வருஷமாகத்தான். மூவாயிரம் வருஷம் உயிரோடிருக்கக்கூடிய மரத்துக்கு இது இரண்டு தலைமுறைகூட இல்லை. ஆதி முதல் இருந்துவருவதாக நாம் வணங்கும் தோப்பு, மரத்தின் கணக்கில் அப்பா காலத்தில் குடியேறிய குடும்பம். அப்படியானால் எந்த நிலைக்கு மீட்பது? 1963இல் ஸ்டார்க்கர் லியோபோல்ட் தலைமையிலான குழு தேசியப் பூங்காக்களுக்குத் தந்த அறிக்கை, வெள்ளையன் முதலில் வந்து பார்த்தபோது இருந்த நிலையை இலக்காக வைத்தது. தீயை மறுபடி அனுமதிக்க வழி திறந்த அறிக்கை அது. அதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. 1968இல் பூங்காத் துறையின் கொள்கை மாறியதற்கு அது முக்கியக் காரணம். ஆனால் ஏன் அந்தக் கணம்? ஒருவன் பார்வை வந்து சேர்ந்த கணத்தை நிலத்தின் நிஜம் என்று உறைய வைப்பது, பார்வைக்கு முன்னிருந்த கைகளை மறுபடி ஒருதரம் நீக்குவதுதான். ஃபோட்டோவை மீட்கலாம். அதில் விழாமல் வெளியே நின்றவளை எப்படி மீட்பது?

காடு என்று ஓர் ஆள் இல்லை, ஆதிநிலை என்று ஒன்று இல்லை, ஆகவே எதையும் செய்யலாம் என்று இங்கிருந்து தாவுகிறவர்கள் உண்டு. மரம் வெட்டும் வியாபாரிகளுக்கு இந்தத் தத்துவம் ரொம்பப் பிடிக்கும். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. காடு ஓர் உயிரி என்றால், அது விரும்புவதைச் செய்கிறேன் என்று நான் ஒதுங்கிக்கொள்ளலாம். இயற்கையின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். கிளீசன் அந்த மறைவிடத்தைப் பிடுங்கிவிடுகிறார். இந்தப் பைன், அந்த ஃபிர், இந்த ஓக் என்று ஒவ்வொன்றாக எதிரே நிற்கின்றன. எது நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று சொல்கிறவன் தன் பெயரில்தான் சொல்ல வேண்டும்.

இது வெறும் தர்க்கம் அல்ல. ஸ்டானிஸ்லாஸ் வனப்பகுதியில் 1929இல் அளந்து வைத்த நிலத்துண்டுகளை எண்பது வருஷம் கழித்து மறுபடி அளந்தபோது, மரங்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. கூடியதில் பெரும்பங்கு ஃபிரும் சீடரும். தீ திரும்ப வேண்டுமானால் முதலில் இவற்றில் பலவற்றை வெட்ட வேண்டும். வெள்ளை ஃபிர் அந்நிய மரம் அல்ல. அந்த மலையில் பிறந்தது. எந்தக் குற்றமும் செய்யவில்லை; நிழல் கிடைத்தது, வளர்ந்தது. இருக்கக்கூடாத காலத்தில் இருந்தது மட்டுமே அதன் மேலுள்ள வழக்கு. அணைத்தவர்களின் தவறுக்கு அது ஈடாகிறது. இதில் நீதி இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். வெட்டக்கூடாது என்றும் சொல்லமாட்டேன். வெட்டுகிறவன் இது நீதி என்று நினைத்துக்கொண்டு வெட்டக்கூடாது என்று மட்டும் தோன்றுகிறது.

நேரமும் அதிகமில்லை. 2012இலிருந்து 2016வரை நீடித்த வறட்சியில், பட்டை வண்டுகளும் சேர்ந்துகொள்ள, கலிஃபோர்னியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட மரங்கள் செத்தன. ஒரே தண்ணீருக்கு அத்தனை வேர்கள். 2020இல் காஸில் தீ உலகிலுள்ள பெரிய செகோயாக்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கொன்றது. மூவாயிரம் வருஷத்தில் எத்தனையோ தீயைப் பட்டையால் தாங்கிய மரங்கள், ஏணி வழியாக உச்சிக்கு ஏறிவந்த தீயைத் தாங்கவில்லை. சூடேறிவரும் வானிலைக்கும் இதில் பங்கு உண்டு. பழியை முழுக்க அணைத்தவர்கள் மேல் போட முடியாது. அடுத்த வருஷம் இன்னும் சில ஆயிரம் போயின. 2022 ஜூலையில் யோசெமிட்டியின் மாரிபோசாத் தோப்புக்குள் தீ வந்தபோது, 1971 முதல் அங்கே அவ்வப்போது வேண்டுமென்றே எரித்துவந்ததால் தரையில் அதற்குப் பெரிய தீனி இல்லை. தோப்பு பிழைத்தது. டோட்டூயாவின் எரிச்சல் விஞ்ஞானமாக ஆவதற்கு ஒரு நூற்றாண்டு பிடித்திருக்கிறது. இப்போது சில இடங்களில் பழங்குடியினரே தங்கள் முறைப்படி தீ வைக்கிறார்கள், அரசின் அனுமதிச்சீட்டோடு. அனுமதி யார் யாரிடம் கேட்க வேண்டியது என்பது தனிக் கட்டுரை.

ஆனால் தீயைத் திரும்பக் கொண்டுவருவது கதவைத் திறந்து விடுவதுபோல் அல்ல. நூறு வருஷம் எரியாத தரையில், பழைய சர்க்கரைப் பைன்களின் காலடியைச் சுற்றிச் சருகும் செதிலும் மட்கியும் மட்காமலும் மெத்தைபோல் கனத்துக் கிடக்கின்றன. மரம் அதற்கும் பழகிவிட்டது. தன் மெல்லிய வேர்களை மண்ணிலிருந்து மேலே, அந்த மெத்தைக்குள்ளேயே, ஈரம் தேடி அனுப்பியிருக்கிறது. இப்போது கவனமாக வைக்கும் சின்னத் தீகூட அந்த மெத்தையில் இறங்கி, புகைந்து, மணிக்கணக்காக நின்று, வேரையும் அடிமரத்தையும் வேகவைத்துவிடுகிறது. இருபது முப்பது தீயைக் கண்ட கிழட்டு மரம், அதன் நலனுக்காக வைத்த முதல் தீயில் சில வருஷத்தில் செத்துப்போகிறது. அதனால் தீ வைப்பதற்கு முன் ஆட்கள் மலையேறிப் போகிறார்கள். பெரிய பைன் ஒவ்வொன்றின் அடியிலும் குனிந்து, சுற்றிலும் சில அடி தூரத்துக்குச் சருகை வாரி அப்புறப்படுத்துகிறார்கள். ஒரு மரம், பிறகு அடுத்த மரம். வாரும்போது வாருகோலின் பற்களில் சருகோடு சேர்ந்து வெள்ளை வெள்ளையாக வேர்நுனிகளும் அறுந்து வருகின்றன.